வானத்து வரம்பு

வயலுக்கு வரப்புண்டு, ஊருக்கு எல்லையுண்டு, கடலுக்கும் கரையுண்டு. ஆகாயம் ஒன்றே கட்டற்றது என்று நம்மிற் பலரும் எண்ணி வருகின்றோம். தளையற்ற வாழ்விற்குப் புள்ளினத்தையே உவமையாகக் கூறுதலும் வழக்கம். ஆயின், சிறு விமானமொன்றைத் தானே செலுத்திச் செல்லும் ஒருவனை வினவின், வானத்திலும் வரம்புகள் உளவென்றும், அவை கண்ணுக்குப் புலனாகாமையால் நிலத்து வேலியினுங் கடுமையானவை என்றும் கூறுவான்.

தமிழிலக்கியம் பயிலும் யான் இப்பொருளில் தலையிட நேர்ந்ததற்குக் காரணமுண்டு. என் இளமைத் தோழன் ஒருவன் விமானமோட்டக் கற்கும் பொருட்டு அமெரிக்க தேசத்துப் புளோரிடா மாகாணத்திற்குச் செல்ல ஆயத்தஞ் செய்து வருகின்றான். அவன் அன்னையார் ஒரு நாள் என்னிடம், "தம்பி, நீ படிக்கிற பிள்ளை. வானத்தில் வழி தவறிப் பிறர் எல்லைக்குள் போய்விட்டால் சுட்டுவிடுவார்களாமே, மெய்தானா?" என்று கேட்டார். அவ்வினாவிற்கு மழுப்பலாக விடை கூற மனம் ஒப்பவில்லை. ஆதலின், தோழனிடமிருந்த விமானச் சட்ட நூல்களை வாங்கி வாசிக்கலானேன்.

ஒவ்வொரு தேசமும் தன் நிலத்தின் மேலுள்ள ஆகாயத்திற்கு முழுவுரிமை உடையது என்பதை 1919-ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கை ஒப்புக்கொண்டது. 1944-ஆம் ஆண்டுச் சிகாகோ உடன்படிக்கை அதனை மீண்டும் உறுதிப்படுத்திற்று. நிலம் என்பதில் கரையை அடுத்த கடலும் அடங்கும். 1982-ஆம் ஆண்டுக் கடற்சட்ட உடன்படிக்கையின்படி அக்கடல் 12 கடல் மைல், அதாவது ஏறக்குறைய 22 கிலோமீட்டர் வரை விரியலாம். இங்கே ஒரு வியப்பு உளது. அந்நிய தேசத்துக் கப்பல், தீங்கு செய்யாது செல்லுமாயின், அக்கடலூடே கடந்து போகலாம். அதே நீரின் மேற் பறக்கும் விமானத்திற்கோ அவ்வுரிமை இல்லை.

சொற்களை எடைபோட்டுப் பார்க்கும் பழக்கமுடைய எனக்கு, அமெரிக்கச் சட்டம் வானத்துப் பகுதிகளுக்கு இட்டுள்ள பெயர்கள் பெரிதும் சுவை பயந்தன. வாஷிங்டன் நகரின் வெள்ளை மாளிகைக்கு மேலுள்ளது 'விலக்கப்பட்ட பகுதி'. உத்தரவு பெறாத எவரும் அங்கே புகலாகாது. பீரங்கிப் பயிற்சி முதலியன நிகழும் நிலத்தின் மேலுள்ளது 'கட்டுப்படுத்தப்பட்ட பகுதி'. பயிற்சி நிகழுங் காலத்தில் உரியவர் அனுமதியின்றி அதனுட் செல்லுதல் கூடாது. கரையிலிருந்து 3 கடல் மைலுக்கு அப்பால் அத்தகைய ஆபத்தே இருப்பினும், அதற்குப் பெயர் 'எச்சரிக்கைப் பகுதி' என்பதாம். காரணம் யாது? அப்பகுதிகள் எவர்க்கும் உரித்தல்லாத பெருங்கடலின்மேற் பரந்து செல்வன. தன் ஆணை செல்லாத இடத்தில் ஓர் அரசாங்கம் 'வாராதே' என்று கூற இயலாது. 'வரின் ஆபத்து உண்டு' என்றே கூறலாகும். 1988-ஆம் ஆண்டில் அத்தேசம் தன் கடலெல்லையை 3 மைலிலிருந்து 12 மைலாக விரித்துக்கொண்ட பின்னும் அப்பெயர் மாறிற்றில்லை.

இவற்றோடு, 1950-ஆம் ஆண்டு முதல், கரைக்கு அப்பால் வான்காப்பு அடையாள மண்டலம் ஒன்றும் வகுக்கப்பட்டுளது. புளோரிடாவிலிருந்து பஹாமாத் தீவுகளுக்குச் சிறு விமானத்திற் சென்று மீளும் விமானி, பயணத் திட்டத்தை முன்னரே அளித்தல் வேண்டும். வானொலியில் உரையாடும் வசதியும், ராடாருக்குத் தன்னை அறிவிக்கும் கருவியும் உடையனாதல் வேண்டும். வீட்டிற்குத் திரும்புவோனும் வாயிலில் நின்று தன் பெயர் சொல்ல வேண்டுமென்பதே இதன் கருத்து.

இனி, அன்னையாரின் வினாவிற்கு வருவோம். வழி தவறிய விமானத்தின் இடப்பக்கத்தே, சற்று முன்னும் மேலுமாகப் போர்விமானம் ஒன்று வந்து தன் சிறகுகளை அசைக்கும்; 'என்னைத் தொடர்ந்து வா' என்பது அதன் பொருள். இவனும் சிறகசைத்துப் பின்தொடர்தல் வேண்டும், 121.5 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசவும் முயலுதல் வேண்டும். போர்விமானம் சடுதியில் மேலெழுந்து விலகிப் போகுமாயின், 'நீ போகலாம்' என்பது பொருள். ஒருவர் மொழியை ஒருவர் அறியாவிடினும் இச்சிறகு மொழி உலகெங்கும் ஒன்றே.

ஆயினும், அவரது அச்சம் வீண் அச்சமன்று. 1983-ஆம் ஆண்டு செப்டம்பர் 1-ஆம் தேதி, கொரிய தேசத்துப் பயணிகள் விமானமொன்று வழி விலகிச் சோவியத் எல்லைக்குட் புகுந்தமையால் சுட்டு வீழ்த்தப்பட்டது. 269 உயிர்கள் மாண்டன. அத்துயரத்தின் பயனாக, பறந்துகொண்டிருக்கும் பொதுமக்கள் விமானத்தின்மேல் ஆயுதம் பிரயோகிப்பதைத் தவிர்த்தல் வேண்டும் என்னும் விதி, 1984-ஆம் ஆண்டிற் சிகாகோ உடன்படிக்கையிற் சேர்க்கப்பட்டது.

1987-ஆம் ஆண்டு மே 28-ஆம் தேதி, மத்தியாஸ் ரஸ்ட் என்னும் ஜெர்மானிய இளைஞன், பத்தொன்பது வயது நிரம்பச் சின்னாள் இருக்கையில், ஹெல்சிங்கியிலிருந்து சிறு செஸ்னா விமானத்திற் புறப்பட்டு மாஸ்கோவின் செஞ்சதுக்கத்தருகே இறங்கினான். அன்று சோவியத் தேசத்தில் எல்லைக் காவலர் தினம்! போர்விமானம் அவனை அணுகிக் கண்டது. சுடும்படி ஆணை பிறந்திலது. நான்காண்டுத் தண்டனை பெற்ற அவன் மறு ஆண்டே விடுவிக்கப்பட்டான். அத்தேசத்துப் பாதுகாப்பு மந்திரியோ பதவி இழந்தார்.

இவ்விரண்டையும் அன்னையாரிடம் மறையாது கூறினேன். "அப்படியானால், விதியைப் படித்துக்கொண்டு போகட்டும்" என்றார்.

ரஸ்டின் துணிவைப் புகழும் நண்பர்கள் நம்மிடையே உளர். என் வயதினனாகிய அவன் செயலில் எனக்கும் வியப்பு உண்டு. ஆனால், அவன் உயிரைக் காத்தது அவன் துணிவன்று. சுடாது நின்ற கைகளே. அறியாது வரம்பு கடந்த 269 பேர்க்கு அந்நன்மை கிட்டவில்லை. எல்லையைக் காப்போன் தன் கையை அடக்கவும், எல்லையை நெருங்குவோன் தன்னை அறிவிக்கவும் கற்ற இடத்திலேதான் வானம் இருவர்க்கும் வழியாகின்றது. வரம்பு, பறத்தற்குப் பகையன்று. பறந்தவன் மீண்டு வருதற்குத் துணையாம்.