பேரனாரின் துவக்கு

சென்ற மாசி மாதத்திலே கனடாவிலிருந்து எம் மருமகனார் ஊருக்கு வந்திருந்தார். தென்மராட்சியிலே 2000ஆம் ஆண்டுப் போரில் இடிந்துபோன எம் பூர்வீக இல்லத்தின் அத்திவாரத்தைத் தோண்டியபொழுது, ஒரு சாண் நீளமும் இல்லாத இரும்புத் தகடொன்று மண்ணிலிருந்து வெளிப்பட்டது. அதனை எம்மிடம் கொணர்ந்த அவர், "மாமா, இது பூட்டனாரின் துவக்கிலே இருந்த தகடல்லவா? பண்டார வன்னியன் காலத்தது என்று அம்மா சொல்லுவா. பழம்பொருள் வாங்கும் ஒருவர் நல்ல விலை தருவதாகச் சொல்கிறார். நீங்கள் சரித்திரம் படிப்பித்தவர். உங்கள் கையொப்பத்துடன் ஒரு கடிதம் மாத்திரம் வேண்டும்" என்றார்.

அக்கடிதத்தை நாம் எழுதினோமல்லோம். அதற்குரிய காரணம் எம் கல்லூரி நாள்களைச் சார்ந்தது. ஆதலின் அதனை இம்மலரிலே கூறுதல் பொருந்துமென எண்ணினோம்.

எம் பேரனாருக்குப் பூநகரியிலே வயல் இருந்தது. கதிர் முற்றும் காலத்திலே பன்றி காவலுக்கென அனுமதிப்பத்திரத்துடன் ஒரு துவக்கு வைத்திருந்தார். கட்டைக் குழலும் முதிரைமரப் பிடியும் உடைய அத்துவக்கு, பண்டார வன்னியனோடு பொருத வெள்ளைக்காரப் படைவீரன் ஒருவன் காட்டிலே போட்டுவிட்டு ஓடியது என்பது எம் குடும்பத்தின் கர்ணபரம்பரை. நாமும் அதனைக் கல்லூரியிலே பெருமையுடன் சொல்லித் திரிந்தோம். 1962ஆம் ஆண்டில் அது எம் சரித்திர ஆசிரியரின் செவிக்கு எட்டியது. "கண்ணாற் காணாமல் எதனையும் எழுதாதே" என்பது அவர் எமக்கு ஓயாது புகட்டிய பாடம். ஒரு சனிக்கிழமை காலை, விஞ்ஞான கூடத்திலே இரவல் பெற்ற அளவுகருவியுடன் துவிச்சக்கர வண்டியில் எம் வீட்டிற்கு வந்து சேர்ந்தார்.

பேரனார் துவக்கைப் பாயிலே கிடத்தினார். ஆசிரியர் துருவைச் சுரண்டவில்லை. தேங்காயெண்ணெய் தோய்த்த துணியால் மெல்ல ஒற்றியெடுத்தார். பக்கத்தகட்டிலே ஒரு முடியும், இலண்டன் கோட்டையைக் குறிக்கும் 'ரவர்' என்னும் ஆங்கிலச் சொல்லும், 1861 என்னும் ஆண்டும் தெளிந்தன. கற்சிலைமடுவிலே கப்டன் வொன் டிறிபேர்க் பண்டார வன்னியனைத் தோற்கடித்தது 1803ஆம் ஆண்டு ஒக்ரோபர் 31ஆம் நாள். அக்காலத்துப் படைத்துவக்குகள் சக்கிமுக்கிக் கல்லாற் பொறி எழுப்புவன. அடித்தவுடன் வெடிக்கும் மருந்தைத் துவக்கிற் பயன்படுத்தும் முறைக்கு, போர்சைத் என்னும் ஸ்கொத்லாந்துப் பாதிரியார் உரிமைப்பத்திரம் பெற்றதே 1807இலேதான். எம் துவக்கிலோ கல் பற்றும் தாடை இல்லை. அடிக்கும் சுத்தியலே இருந்தது.

ஆசிரியர் மேலும் நோக்கினார். அது 1853ஆம் ஆண்டு மாதிரியான என்பீல்ட் துவக்கு. 1857இல் இந்தியச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுதற்கு ஏதுவான கொழுப்புப் பூசிய தோட்டா இவ்வினத்திற்கே உரியது. முதலில் வாய்வழியே மருந்திட்டு இடிக்கும் துவக்காயிருந்தது. 1866இல் பிரித்தானியப் படை, ஸ்னைடர் என்னும் அமெரிக்கரின் முறையை ஏற்றது. குழலின் அடியில் இரண்டரை அங்குலமளவு வெட்டி நீக்கி, வலப்புறமாகத் திறக்கும் அடைப்பைப் பொருத்தினர். பழைய தகடும் சுத்தியலும் அப்படியே நிலைத்தன. ஆதலின் தகட்டின் ஆண்டு துவக்கின் பிறப்பைச் சொல்லுமேயன்றி, அதன் மாற்றத்தைச் சொல்லாது. 1871இல் மாட்டினி-ஹென்றி வந்தபின் ஸ்னைடர்கள் படிப்படியாகக் கழிக்கப்பட்டன. எம் குழலின்மேல் ஒன்றையொன்று நோக்கிய இரண்டு அம்புத்தலைகள் இருந்தன. படையிலிருந்து விற்று நீக்கப்பட்டது என்பதற்கு அதுவே முத்திரை. உள்ளே மூன்று திருகுவரிகள் இருக்க வேண்டும்; அவை சிறுசன்னம் இடுதற்கென ஏறக்குறையத் தேய்த்து நீக்கப்பட்டிருந்தன. முப்பத்தாறரை அங்குலம் இருக்க வேண்டிய குழல் இருபத்தேழு அங்குலமே இருந்தது.

"ஐயா, இது வன்னியன் காலத்ததன்று. அவனுக்கு அரை நூற்றாண்டிற்கு மேல் பிற்பட்டது" என்று ஆசிரியர் தாழ்ந்த குரலிற் கூறினார். பேரனார் முகம் வாடியது. நாம் நிலத்தை நோக்கியிருந்தோம். சற்றுப் பொறுத்து ஆசிரியர், "குழலின் வாயை அறுத்தவர் யார்?" என்று வினவினார்.

பேரனார் வெற்றிலைத் தட்டத்தை அவர்பால் நகர்த்திவிட்டுச் சொன்னார்: "என்ரை ஐயா ஏலத்திலை வாங்கின துவக்கு, மாஸ்ரர். ஒரு மாரியிலை வாய்க்குள்ளை சேறு அடைஞ்சிருந்ததைக் காணாமல் பன்றிக்கு வெடி வைச்சவர். வாய் பிளந்து, கட்டையும் சிதறி, இடக்கையிலை இரண்டு விரல் போட்டுது. வேறை துவக்கு வாங்க வழியில்லை. கொல்லனைக் கொண்டு பிளந்த வாயை அறுப்பிச்சு, முதிரைக் கட்டையைத் தானே ஒற்றைக் கையாலை செதுக்கிப் போட்டவர். அந்தத் துவக்குக் காத்த வயலிலைதான் நாங்கள் எல்லாரும் சாப்பிட்டு வளர்ந்தனாங்கள். வன்னியன் கதை பிறகு வந்தது."

வீட்டிலுள்ளோர் எவரும் அன்றுவரை அதனைக் கேட்டிலர். ஆசிரியர் தம் குறிப்பேட்டிலே அனைத்தையும் எழுதிக்கொண்டு, முதிரைக் கட்டையை நெடுநேரம் தடவிப்பார்த்துச் சென்றார்.

பின்னாளில் உள்வில் முறிந்தமையால் தகடு கழற்றி வைக்கப்பட்டது. குழலும் கட்டையும் போர்க்காலத்திலே போயின. எஞ்சியது இத்தகடு ஒன்றே.

விலையைப்பற்றி மருமகனாருக்கு விளக்கினோம். பழம்படைக்கலம் சேர்ப்போர், தொழிற்சாலையை விட்டு வெளிவந்த நிலை குலையாதவற்றையே விரும்புவர். குழல் அறுத்தவை, வரி தேய்த்தவை, கட்டை மாற்றியவை ஆகியவற்றுக்கு அற்ப விலையே கிடைக்கும். அன்றியும் 2003ஆம் ஆண்டளவில் நேபாளத்துக் காத்மாண்டுவின் பழைய ஆயுதசாலையிலிருந்து பல்லாயிரம் பழந்துவக்குகளை அமெரிக்க வணிகர் வாங்கிச் சென்றனர். அவற்றுள் ஸ்னைடர்களும் இருந்தன. தனித்தகடொன்றுக்கு வன்னியன் பெயரின்றிப் பெருவிலை வாராது. அப்பெயரை எம் கையொப்பத்தால் ஏற்றினால், வாங்குபவரை ஏமாற்றுவதோடு, விரலிழந்த ஒருவரை எம் குடும்பத்திலிருந்து நாமே அழித்தவராவோம். இவ்வளவும் சொன்னோம். மருமகனார் மனங்கசந்து விடைபெற்றார். இரண்டு மாதம் அவரிடமிருந்து ஓர் அழைப்பும் வரவில்லை.

இதற்கிடையே தகட்டைக் காவல் நிலையத்திலே காட்டிப் பதிந்துகொண்டோம். துருவை உரைக்காமல் எண்ணெய் பூசித் துணியிலே சுற்றி வைத்தோம். உடன் ஒரு கடிதமும் எழுதினோம்: 1861இல் ஆக்கப்பட்டது, 1866இன் பின் மாற்றப்பட்டது, ஏலத்தில் வாங்கப்பட்டது, வெடித்தது, அறுக்கப்பட்டது, பூநகரியிலே வயல் காத்தது. ஆசிரியர் சொல்லித்தந்தபடி, கண்டதை மேலேயும் கேட்டதைக் கீழேயும் பிரித்தெழுதினோம்.

சித்திரை வருடப்பிறப்பன்று தொலைபேசி ஒலித்தது. வாழ்த்துக் கூறியபின் மருமகனார் சிறிது தயங்கினார். "மாமா, அந்தக் கடிதத்தின் பிரதியொன்றை எனக்கும் அனுப்புங்கோ. பிள்ளையள் கேட்கினம், எந்த இரண்டு விரல் போனது எண்டு" என்றார்.

நாம் அன்றே அனுப்பினோம்.