வழிப்போக்கனுக்கு ஒரு திண்ணை



ஜகாத் பெறத் தகுதியுடையோர் எட்டு வகையினர் என்பதைச் சிறு வயதிலேயே மதரஸாவில் ஓதியிருப்பீர்கள். திருமறையின் தவ்பா அத்தியாயம் 60ஆம் வசனம் அவர்களை வரிசைப்படுத்துகிறது. அவ்வரிசையில் இறுதியாக நிற்பவர் 'இப்னுஸ் ஸபீல்'. நேர்ப்பொருளில் 'பாதையின் மகன்'. நம் வழக்கில் வழிப்போக்கர். சொந்த ஊரில் செல்வந்தராக இருப்பினும், பயணத்தில் கையிருப்பு இழந்து நிற்பவருக்கு நம் பொருளில் உரிமை உண்டு என்பது எத்தகைய உயர்ந்த ஏற்பாடு! ஆண்டுதோறும் இப்பாடத்தை மாணவர்களுக்கு நடத்தி வருகிறேன். அதன் விளக்கவுரை நம் கடற்கரைச் சாலை நெடுகிலும் விரிந்து கிடப்பதை, நண்பர்களோடு சென்ற மூன்று நாள் பயணம் ஒன்றில் கண்டேன்.

பயணத்துக்குக் காரணமானவர் என் கல்லூரித் தோழர். காரைக்காலில் பிறந்தவர், பிரான்சில் குடியேறியவர். 1962இல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்களுள் அவருடையதும் ஒன்று. பூட்டிக் கிடக்கும் பூர்வீக வீட்டை விற்பதா, இடித்துக் கட்டுவதா என்று முடிவெடுக்க வந்திருந்தார். ஒரு மாலை, நண்பர்களோடு மொராக்கோ நாட்டைக் காரில் சுற்றிய கதையை எங்களுக்குச் சொன்னார். தான்ஜியரில் தொடங்கி, ஃபெஸ் நகரின் பழைய வீதிகளைக் கண்டு, மராகேஷ் வரை அவசரமின்றிச் சென்றார்களாம். வழியில் வண்டி பழுதாகி நின்றபோது, முன்பின் அறியாத ஒருவர் வீட்டுக்கு அழைத்துப் புதினாத் தேநீரும் ரொட்டியும் கொடுத்து உபசரித்தாராம்.

"ஹஜ்ரத், அவ்வளவு தூரம் போய்ப் பார்த்துவிட்டேன். நம் ஊரிலிருந்து அதிராம்பட்டினம் வரை உள்ள சாலையை ஒரு தடவைகூட நிதானமாகப் பார்த்ததில்லையே!" என்றார்.

தான்ஜியர் என்றதும் என் நினைவுக்கு வந்தவர் இப்னு பதூதா. அந்நகரில் 1304இல் பிறந்தவர். 1325இல், தம் 21ஆம் வயதில், ஹஜ்ஜை நாடிப் புறப்பட்டு, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் உலகைச் சுற்றியவர். 1340களில் இலங்கையிலிருந்து அவர் வந்த கப்பல், 'மஅபர்' என அரபிகள் அழைத்த நம் தமிழ்க் கரையை நெருங்குகையில் விபத்துக்குள்ளாயிற்று. இரவெல்லாம் உடைந்த கப்பலில் தவித்தவரை, விடிந்ததும் படகில் வந்து மீட்டவர்கள் இக்கரையின் மக்கள். அவர்கள் முஸ்லிம்கள் அல்லர் என்பதையும் அவரே பதிவு செய்துள்ளார். அப்போது மதுரையை ஆண்ட சுல்தான் கியாசுத்தீன் அவருக்குச் சகலர். எனினும் அந்தச் சுல்தான் இழைத்த கொடுமைகளை, உறவினர் என்று மறைக்காமல் எழுதி வைத்தார். நன்றியையும் நேர்மையையும் ஒருங்கே பேணிய பயணி அவர்!

அவரை மீட்ட மக்களின் வாரிசைப் போன்ற ஒருவரும் எங்களோடு வந்தார். காரைக்கால்மேட்டைச் சேர்ந்த விசைப்படகுக்காரர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம் ஆதலால் அவருக்கு ஓய்வு. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரும் சேர்ந்துகொள்ள, நால்வராகப் புறப்பட்டோம். ஓரிடத்திலும் அவசரப்படுவதில்லை என்பதே எங்கள் ஒரே நிபந்தனை.

காரைக்கால்மேட்டுக் கடற்கரையில் படகுகள் ஓய்ந்து நிற்க, வலை பின்னுவோர் மட்டும் நிழல் தேடி அமர்ந்திருந்தனர். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை புகுந்த இடம் அது. "அன்றைக்கு உடுத்திய துணியோடு ஊருக்குள் ஓடினோம், பாய். எந்தத் தெரு, யார் வீடு என்று பார்க்கவில்லை. கதவு திறந்திருந்த வீட்டுக்குள் போனோம், சோறு வந்தது" என்றார் படகுக்கார நண்பர். கடலில் தவித்தவரைக் கரையேற்றிய குலம், தான் தவித்த நாளில் கரையிலிருந்தோரால் காக்கப்பட்டது.

அரசலாற்றைக் கடந்து திருமலைராயன்பட்டினம் வந்தோம். காளமேகப் புலவரை மதியாத இவ்வூர் மீது அவர் வசை பாட, மண்மாரி பொழிந்ததாகக் கூறும் கதையைத் தமிழாசிரியர் நினைவூட்டினார். கதையின் உண்மை எவ்வாறாயினும், வந்தவரை அவமதித்த ஊர் அழியும் என்று இப்பகுதி மக்கள் நம்பினர் என்பது புலனாகிறதல்லவா?

வாஞ்சூர் எல்லையைத் தாண்டினால் நாகூர். ஷாஹுல் ஹமீது பாதுஷா அவர்கள் அடங்கியுள்ள தர்காவின் ஐந்து மனாராக்களில் மிக உயர்ந்தது 131 அடி. அதனைக் கட்டிக் கொடுத்தவர் தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாப் சிங். இக்கரையிலிருந்து கடல் கடந்து சென்றோர் 1828 முதல் 1830 வரை சிங்கப்பூரிலும் ஒரு நாகூர் தர்காவை எழுப்பினர். அயலூரில் இறங்கியதும் அவர்களுக்குச் சொந்த ஊரின் முகம் ஒன்று தேவைப்பட்டது போலும்! ஆழிப்பேரலை நாட்களில் நாகூர் தர்கா வளாகம் மதம் கேளாமல் அடைக்கலம் அளித்தது.

நாகப்பட்டினத்தில் கலங்கரை விளக்கத்தின் அருகே நெடுநேரம் நின்றோம். சோழர் காலத்தில் கடாரத்து மன்னரின் பெயரால் பௌத்த விகாரம் எழுந்த துறைமுகம் இது. பின்னர் போர்த்துக்கீசியர் வந்தனர். 1658இல் ஒல்லாந்தர், 1781இல் ஆங்கிலேயர். நம் பாட்டனார்கள் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் 'ரஜூலா' கப்பலில் ஏறியதும் இங்கிருந்துதான். அக்கப்பல் 1970களின் தொடக்கத்தில் ஓய்ந்தது; பின் வந்த 'சிதம்பரம்' 1985இல் தீவிபத்துக்கு உள்ளானதோடு அக்கடல்வழிப் பயணமும் முடிந்தது. 2023 அக்டோபரில் இலங்கையின் காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் தொடங்கப்பெற்று, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் புறப்பட்டபோது, ஒரு பழைய வாசல் சிறிதேனும் திறந்தது எனலாம்.

வேளாங்கண்ணியைக் கடந்து தெற்கே சென்று, இரவு தோப்புத்துறையில் நண்பரின் உறவினர் வீட்டில் தங்கினோம். மறுநாள் வேதாரண்யம். கண்ணெட்டும் தூரம் வரை உப்பளப் பாத்திகள். கோடை வெயிலில் கண் கூசும் வெண்மை. 1930 ஏப்ரல் 13ஆம் நாள் திருச்சியிலிருந்து புறப்பட்ட இராஜாஜி தலைமையிலான தொண்டர்கள், ஏப்ரல் 28இல் இவ்வூரை அடைந்து உப்பெடுத்தனர். அவர்களுக்கு உணவோ இடமோ தருபவர் தண்டிக்கப்படுவர் எனத் தஞ்சை ஆட்சியர் தார்ன் அறிவித்திருந்தார். மக்கள் என்ன செய்தனர் தெரியுமா? சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டுச் சென்றனர்! கொடுத்த கை எதுவென்று தெரியாது. உண்டவர் பசி மட்டும் தீர்ந்தது. வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாத தர்மம் என்று நாம் ஓதுவதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேறு உண்டோ?

கோடியக்கரையில் வெளிமான்கள் புல்வெளியில் நின்று எங்களை நோக்கின. அது 1967 முதல் சரணாலயமாக உள்ள இடம். குளிர் மாதங்களில் பூநாரைகளும் பிற பறவைகளும் தொலைவிலிருந்து வந்து தங்குகின்றன. அவையும் வழிப்போக்கர்களே.

மூன்றாம் நாள் முத்துப்பேட்டை. பாமணியாறும் கோரையாறும் கடலோடு கலக்குமிடத்தில் அலையாத்திக் காட்டினூடே படகில் சென்றோம். அலையை ஆற்றும் காடு என்பதால் அப்பெயர். 2018 நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் இப்பகுதியின் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. "தென்னையைப் பிள்ளை என்போம், ஒரே இரவில் எல்லாப் பிள்ளைகளையும் இழந்தோம்" என்றார் தோப்புக்காரர் ஒருவர். அப்படிச் சொன்னவர்தான் நாங்கள் கேளாமலே இளநீர் வெட்டித் தந்து, காசு வாங்க மறுத்துவிட்டார்.

அந்தியில் அதிராம்பட்டினம் சேர்ந்தோம். 1955இல் காதிர் முகைதீன் கல்லூரி தொடங்கப்பெற்று, இக்கரைப் பிள்ளைகளுக்கு உயர்கல்வி வழங்கிய ஊர். பள்ளிவாசலில் முஸாஃபிர்களுக்குரிய சலுகைப்படி இஷாவைக் கஸ்ராகத் தொழுதோம். வெளியே வந்தபோது, படகுக்கார நண்பருக்குப் பக்கத்தில் அமர்ந்து ஊர்ப் பெரியவர் ஒருவர் மீன் விலை பேசிக்கொண்டிருந்தார். இருவர் கையிலும் தேநீர்.

நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்தான். ஒரே காலைப் பொழுதில் கடந்துவிடலாம். மூன்று நாட்கள் செலவிட்டதால் ஒன்றைக் கண்டோம். பழைய வீடுகளின் முன்னே திண்ணை இருந்தது. அது வீட்டாருக்காக மட்டும் கட்டப்பட்டதன்று. யாரென்று கேளாமல் ஒருவர் அமரவும் படுக்கவும் விடப்பட்ட இடம். இன்று பல ஊர்களில் திண்ணையைச் சுற்றிக் கம்பிக் கதவு. வீடுகள் உயர்ந்துள்ளன, வந்தவர் நிற்க நிழல் இல்லை. அயலாரை ஐயத்தோடு நோக்கும் பழக்கமும் மெல்லப் பரவுகிறது. கப்பல் உடைந்து வந்தவரை மீட்ட கரைக்கு இது அழகா?

என் தோழர் தம் வீட்டை என்ன செய்வதென்று இன்னும் முடிவு செய்யவில்லை. இடித்துக் கட்டினாலும் முன்புறத்தில் ஒரு திண்ணை இருக்க வேண்டும் என்று மட்டும் கொத்தனாரிடம் சொல்லிவிட்டு விமானம் ஏறினார்.

அன்பர்களே! விடுமுறையில் உங்கள் பிள்ளைகளை இச்சாலையில் அழைத்துச் செல்லுங்கள். விரைந்து செல்லாதீர்கள். ஒவ்வோர் ஊரிலும் இறங்கி, முதியோரிடம் சலாம் சொல்லி, அவ்வூருக்கு யார் யார் வந்தனர், யார் அவர்களை ஏற்றனர் என்று கேட்டறியச் செய்யுங்கள். பிற சமயத்து நண்பர் ஒருவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். வீடு திரும்பியதும் உங்கள் வாசலை ஒரு முறை வெளியிலிருந்து பாருங்கள். களைத்து வரும் பாதையின் மகன் ஒருவன் அமர அங்கே இடம் இருக்கிறதா?

இல்லையெனில் ஒரு மரப்பலகையேனும் போட்டு வையுங்கள். நாமும் ஒரு நாள் வழிப்போக்கர்களே.