பன்றித் தாயின் கேள்வி

கலை கண்ணுக்கு இனிமை தந்தால் போதும் என்பார் பலர். நம்மை முகம் சுளிக்கச் செய்து, பின்னர் உறங்கவிடாமல் எண்ணச் செய்த கலைப்படைப்பு ஒன்றைப் பற்றிக் கூற விழைகிறோம்.

தோல் விரித்த மேடையில் ஒரு தாய் படுத்திருக்கிறாள். தொங்கும் காதுகள், பன்றியின் மூக்கு. தோலும் கண்களுமோ மனிதருடையவை! குட்டிகள் முட்டி மோதிப் பால் குடிக்கின்றன. அவள் பார்வையிலே களைப்பு — பெற்று வளர்க்கும் எவர் முகத்திலும் நாம் காணும் களைப்பு! படத்தில்தான் கண்டோம், எனினும் எளிதில் கண்ணை எடுக்க முடியவில்லை.

சிலிகோனும் மனித முடியும் தோலும் கொண்டு, ஆஸ்திரேலியக் கலைஞர் பட்ரீசியா பிச்சினினி 2002-இல் ஆக்கிய உருவம் அது. பெயர் 'இளங்குடும்பம்'. 2003-இல் வெனிஸ் நகரத்துப் பன்னாட்டுக் கலைக்காட்சியில், ஆஸ்திரேலியக் கூடத்தில் இடம்பெற்றது.

மனிதனும் விலங்கும் கலந்த உருவம் உலகுக்குப் புதிதா? சிங்க உடலிலே மனிதத் தலையை வைத்தது எகிப்து. எருதுத் தலை மனிதனை எண்ணி நடுங்கியது கிரேக்கம். அவை வணக்கத்தைக் கேட்டன, அச்சத்தைக் கேட்டன. இந்தத் தாயோ விடை கேட்கிறாள்: "என்னைப் படைத்தால், காப்பது யார்?"

வீண் கற்பனை என்பீர்களோ? 2022 சனவரியில், அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், சாவின் விளிம்பிலிருந்த ஒருவருக்குப் பன்றியின் இதயத்தைப் பொருத்தினர் மருத்துவர்கள். அந்தப் பன்றியிடம் 10 மரபணு மாற்றங்கள் செய்யப்பட்டிருந்தன. அவற்றுள் 6, மனித மரபணுக்களைச் சேர்த்தவை! அவர் வாழ்ந்தது ஏறத்தாழ 2 மாதங்களே. ஆயினும், மனிதனுக்கும் விலங்குக்கும் இடையே நாம் எழுப்பியிருந்த மதிலில் ஒரு வாயில் திறந்துவிட்டது.

'இயற்கைக்கு மாறு' என்று அலறுவோர் ஒருபுறம். 'அறிவியல் செய்வதெல்லாம் நன்மையே' என்று கைதட்டுவோர் மறுபுறம். கண்ணை மூடி எதிர்ப்பது மூடத்தனம் எனில், கண்ணை மூடி ஏற்பது மட்டும் அறிவுடைமையாகுமா? அந்த உயிருக்கு வலி உண்டா? உண்டெனில், உரிமை உண்டா? அதனால் பிழைக்கப்போவது யார்? ஏழையுமா, பணம் படைத்தவன் மட்டுமா? பகுத்தறிவாளர் எழுப்ப வேண்டிய வினாக்கள் இவை.

தோழர்களே! அருவருப்பு ஒருநாளும் நீதியாகாது. அதையே நீதியாக்கி, மனிதனே மனிதனைத் தீண்டாது ஒதுக்கிய கொடுமையை அறிந்தவர்கள் நாம். நாளை பிறக்கும் உயிர்க்கும் அதே கொடுமையைச் சீதனமாகத் தரலாமா? படைக்கும் ஆற்றல் பெற்ற கை, காக்கும் கடமையையும் ஏற்கட்டும்!