செவியும் திருகாணியும்

பழுதுற்ற பொருளைச் செப்பனிடுவதினும் புதியதொன்றை வாங்குவதே எளிது என்று கருதப்படும் காலம் இது. ஆயினும், பாட்டனார் ஓட்டிய புல்லட் மோட்டார் சைக்கிள் இன்றும் திண்ணையோரம் நிற்கும் இல்லங்கள் நம்மிடையே பல உண்டு. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் பிறந்த இவ்வண்டி, 1955ஆம் ஆண்டில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தோன்றிய பின்னர்ச் சென்னைத் திருவொற்றியூரில் உருவாகத் தொடங்கியது. ரெட்டிச் தொழிற்சாலை 1967இல் மூடப்பட்டது. நம் நாட்டிலோ புல்லட் நின்றுவிடவில்லை. 2020ஆம் ஆண்டில் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் கடுமையானபோது, புதிய புல்லட்டிலிருந்து கார்புரேட்டர் விடைபெற்றது. மின்னணுக் கருவி அளந்து தெளிக்கும் எரிபொருள் முறை அவ்விடத்திற்கு வந்தது. எனவே, கார்புரேட்டரைச் சீர்செய்யும் கைத்திறனும் மெல்ல அருகி வருகிறது. பெரியவர் கையிலிருந்து இளையவர் கைக்கு அது மாறியாக வேண்டும் என்பதை நம் இல்லத்தில் நிகழ்ந்த ஒன்று நமக்கு உணர்த்திற்று.

நம் தந்தையார் தாண்டிக்குடி மலையில் காப்பித் தோட்டமொன்றில் கணக்கராகப் பணிபுரிந்தவர். வத்தலக்குண்டிலிருந்து வாரந்தோறும் மலையேறி இறங்கியது 1990ஆம் ஆண்டில் வாங்கிய 350 சி.சி. புல்லட்டில்தான். உயரம் செல்லச் செல்லக் காற்றின் அடர்த்தி குறையும்; பெட்ரோலின் பங்கு மிகுந்துவிடும். ஆகவே மலையேறுமுன் காற்றுத் திருகாணியைக் கால் சுற்று வெளியே திருப்புவார்; இறங்கியதும் பழைய நிலைக்குக் கொணர்வார். அளவுகோல் அவருடைய செவியே. அகவை எண்பதைக் கடந்தபின் அச்செவி மங்கலாயிற்று.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் இரண்டு மாதங்கள் நின்றுவிட்ட வண்டி, பிறகு உதைத்தால் கிளம்பும். கைப்பிடியை விட்டவுடன் அணைந்துவிடும். பார்த்த மெக்கானிக், கார்புரேட்டரைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது மாட்டச் சொன்னார். தந்தையாரோ, "அதன் ஓசை கேளாதவன் கையில் அவ்வண்டி இருக்கலாகாது, விற்றுவிடுங்கள்" என்றார். வாங்குபவரும் ஞாயிறன்று வருவதாகச் சொல்லியனுப்பினார். அன்றிரவு பன்னிரண்டாம் வகுப்புப் பயிலும் நம் இளைய மகன், "தாத்தா, உங்களுக்குக் கேட்காவிட்டால் என்ன? எனக்குக் கேட்கிறது. நீங்கள் சொல்லுங்கள், நான் திருப்புகிறேன்" என்றான். ஞாயிற்றுக்கு ஐந்து நாட்களே இருந்தன.

பெரியவர் முதலில் கற்பித்தது கார்புரேட்டர் செய்யும் பணியை. பெட்ரோல் முழுமையாக எரிவதற்கு எடையளவில் அதைப்போல் ஏறத்தாழ 14.7 மடங்கு காற்று வேண்டும். பிஸ்டன் கீழிறங்கும்போது காற்று உள்ளே விரைகிறது. குறுகிய வழியில் அதன் வேகம் மிகுந்து அழுத்தம் குறையவே, கீழுள்ள கிண்ணத்துப் பெட்ரோல் ஜெட் எனும் நுண்துளை வழியே மேலெழுந்து தூறலாய்க் கலக்கிறது. கிண்ணத்தில் பெட்ரோலின் மட்டம் மாறாதபடி, தண்ணீர்த் தொட்டியில் இருப்பது போன்றதொரு மிதவை காவல் புரிகிறது. ஆக்சிலேட்டரைத் திருகாதபோதும் சற்றே திருகும்போதும் பைலட் ஜெட். இடைநிலையில் ஸ்லைடும் அதிலுள்ள ஊசியும். முழுவதும் திருகும்போது மெயின் ஜெட். எந்த நிலையில் குறை தோன்றுகிறதோ அந்த உறுப்பையே ஆராய வேண்டும். நம் வண்டியோ கைவிட்டவுடன் அணைகிறது. எனவே ஐயம் பைலட் ஜெட்டின்மேல் சென்றது.

ஆனால் உடனே அதைத் தொட அவர் இசையவில்லை. "கார்புரேட்டர் மீது பழி போடுமுன் மற்றவற்றைப் பார்" என்பது அவர் விதி. ஸ்பார்க் பிளக், பாயிண்ட் இடைவெளி, டேப்பெட், காற்று வடிகட்டி ஆகியவற்றைப் பார்த்தார்கள். கார்புரேட்டர் இன்ஜினோடு சேருமிடத்தில் காற்றுக் கசிவில்லை என்றும் உறுதிசெய்தார்கள். இவற்றுக்கு இரண்டு நாட்கள் சென்றன. பொறுமை இழந்த மகனிடம், "இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது குணமாக்கியது என்று தெரியாது" என்றார்.

மூன்றாம் நாள் கிண்ணத்தைத் திறந்தனர். அடியில் நீர்த்துளிகளும், உலர்ந்த பெட்ரோலின் பிசினும் இருந்தன. இக்காலப் பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலக்கப்படுகிறது. அது ஈரத்தை ஈர்க்கும், பழைய ரப்பர் உறுப்புகளுக்கும் ஊறு செய்யும். பைலட் ஜெட்டை வானத்திற்கு நேரே பிடித்தால் துளையில் ஒளி தெரியவில்லை. மகன் கம்பியைத் தேடினான், தாத்தா தடுத்தார். பித்தளை மெதுவானது, கம்பி நுழைந்தால் துளை பெருத்து அளவு கெடும். ஆகவே சுத்திகரிப்புத் திரவத்தில் ஊறவைத்துக் காற்றழுத்தத்தால் ஊதினர். மறுபடி பிடித்தபோது ஊசிமுனையளவு வெளிச்சம் தெரிந்தது.

சனியன்று வண்டியைப் பத்து நிமிடம் ஓட்டிச் சூடேற்றினர். குளிர்ந்த இன்ஜினில் செய்யும் சீரமைப்பு நிலைக்காது. காற்றுத் திருகாணியை இறுக்காமல் மெல்ல முழுதும் உட்செலுத்திப் பின் ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்தனர். இன்ஜின் வேகத்தைச் சற்றே கூட்டிவைத்து, அத்திருகாணியைக் கால் கால் சுற்றாக இருபுறமும் திருப்பி, துடிப்பு விரைந்தும் சீராயும் எழும் இடத்தைத் தேடினர். மகன் கண்மூடிக் கேட்டான். தாத்தாவோ முகப்பு விளக்கின் மேலுள்ள ஆம்ப்மீட்டரையே நோக்கியிருந்தார். இன்ஜின் மெல்ல ஓடுகையில் ஒவ்வொரு துடிப்புக்கும் அதன் முள் சிறிது அசையும். துடிப்பு தவறினால் முள்ளும் தவறும். செவி தராததைக் கண்ணால் பெற அவர் எப்போதோ பழகியிருந்தார். "இதுதான் தாத்தா" என்று மகன் கையுயர்த்திய அதே நொடியில் அவரும் தலையசைத்தார். பிறகு வேகத்தைக் குறைத்தனர், வண்டி அணையவில்லை. சிறிது தூரம் ஓட்டி வந்து பிளக்கைக் கழற்றினால், முனை வெளிர்பழுப்பாக இருந்தது. கறுத்திருந்தால் பெட்ரோல் மிகுதி, வெளுத்திருந்தால் குறைவு.

ஞாயிறன்று வந்தவருக்குக் காப்பி கொடுத்து உபசரித்த தந்தையார், "மன்னிக்க வேண்டும் தம்பி, விற்பதற்கில்லை. கேட்பதற்கு ஆள் கிடைத்துவிட்டது" என்றார். இப்போது மகன் ஒரு நோட்டுப் புத்தகத்தில் திருகாணியின் சுற்றுக்களையும் தேதியையும் குறித்து வருகிறான். மாதக் கணக்கில் நிறுத்துவதாயின், பெட்ரோல் குழாயை மூடி, கிண்ணம் வற்றும்வரை இன்ஜினை ஓடவிட்டு அணைக்கிறான்.

புதிய கார்புரேட்டர் வாங்கியிருந்தால் வண்டி ஒருவேளை முன்னரே ஓடியிருக்கும். தாத்தாவும் பேரனும் ஐந்து நாட்கள் அருகருகே அமர்ந்திருக்க மாட்டார்கள். வண்டியோ, தையல் பொறியோ, கடிகாரமோ, உங்கள் இல்லத்திலும் முதியோர் கையறிந்த பொருள் ஒன்று இருக்கக்கூடும். அவர்தம் புலன்கள் ஒத்துழைக்கும்போதே பிள்ளைகளை அருகே அமர்த்துங்கள். திருகாணியைக் கடையில் வாங்கலாம். அதை எவ்வளவு திருப்புவது என்பதைச் சொல்ல அவரே வேண்டும்.