அலுகலவிட்டவுக்குப் போன பாதிரியார்

ஆசிரியர்களான எங்களுக்குக் 'கஷ்டப் பிரதேசம்' என்றால் ஆண்டுக் கணக்கு. இத்தனை வருடம் முடிந்தால் இடமாற்றம் கேட்கலாம் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டே பஸ் ஏறுவோம். அருட்தந்தை மைக்கல் ரொட்ரிகோ அந்தக் கணக்கைத் தலைகீழாகப் போட்டவர். ரோமிலும் பாரிஸிலும் இரண்டு கலாநிதிப் பட்டங்கள். பல வருடங்கள் அம்பிட்டிய குருமடத்தில் பேராசிரியர். பாரிஸிலேயே கற்பிக்கும் வாய்ப்பும் வந்தது. அவர் வந்து சேர்ந்ததோ புத்தலைக்குப் பக்கத்தில் அலுகலவிட்ட என்ற கிராமத்து மண்வீட்டுக்கு.

1927இல் தெஹிவளையில் பிறந்து, 1954இல் அமலமரித் தியாகிகள் சபையில் குருவானவர். அவரை ஊவாவுக்கு இழுத்தவர் ஆயர் லியோ நாணயக்கார. கண்டி ஆயராக இருந்த அவர், 1972இல் பதுளை மறைமாவட்டம் புதிதாகப் பிரிக்கப்பட்டபோது, வசதியான கண்டியை விட்டுவிட்டு வறிய பதுளைக்குத் தானே விரும்பி வந்தவர். பண்டாரவளையில் 'சேவக செவன' என்ற பெயரில் அவர் தொடங்கிய புதுவகைக் குருமடத்தில்தான் மைக்கல் அடிகளார் முதலில் பணிபுரிந்தார். 1980இல் இரண்டு கன்னியாஸ்திரிகளுடன் மலையை விட்டிறங்கிப் புத்தலைக்குப் போனார்.

புத்தல, பழைய வெல்லஸ்ஸப் பகுதி. நம் வாசகர்களுக்கு வெல்லஸ்ஸ என்றதும் ஹஜ்ஜி மரைக்கார் நினைவுக்கு வருவார். ஆங்கிலேயர் அவரை அங்கே முகாந்திரமாக நியமித்ததும், 1817இல் கிளர்ச்சிக்காரர் கையில் அவர் மாண்டதும் நாம் படித்த சரித்திரம். அதற்கடுத்த வருடம் வெள்ளையர் படை வயல்களையும் குளங்களையும் அழித்த விதத்தை அவ்வளவாகப் பேசுவதில்லை. இலட்சம் வயல்களின் நாடு என்று பெயர் பெற்ற பூமி சேனைப் பயிருக்கும் காட்டுக்கும் கைமாறியது அப்போதுதான். ஆங்கிலேயரோடு சேர்த்தே சிலுவையையும் கண்ட மக்கள் அவர்கள். அங்கே ஒரு கத்தோலிக்கப் பாதிரியார் போனால் சந்தேகப்படாமல் என்ன செய்வார்கள்?

ஊவாவுக்குப் பாதிரிமார் புதியவர்கள் அல்ல. மெதடிஸ்த போதகர் சாமுவேல் லாங்டன் ஊவாவில் செய்த மிஷன் வேலையைப் பற்றி 1890இல் நூலே வெளியிட்டிருக்கிறார். மிஷன் பாடசாலைகள் மலையகத்துக்குத் தந்த எழுத்தறிவை மறுக்க நான் தயாரில்லை. என் சக ஆசிரியர்கள் பலருடைய பாட்டன்மார் அங்கேதான் அரிச்சுவடி படித்தார்கள். ஆனாலும் அந்தப் பாடசாலைக்குப் பின்னால் ஒரு ஞானஸ்நானத் தொட்டி இருந்தது. மைக்கல் அடிகளார் அந்தத் தொட்டியைக் கொண்டுபோகவில்லை. முழுக்கப் பௌத்த ஊரில், யாரையும் மதம் மாற்றுவதில்லை என்ற தீர்மானத்தோடு இருந்தார். வீட்டுக்கு வைத்த பெயரும் 'சுபசெத் கெதர', நல்வாழ்த்து வீடு. விகாரைப் பிக்குகளோடு உட்கார்ந்து பேசினார். மூலிகை வைத்தியம், பிள்ளைகளுக்கு வகுப்பு, இளைஞர்களுக்குக் கைத்தொழில் என்று வேலை போனது.

பண்டாரவளையில் நடந்த ஒரு செயலமர்வில் பழக்கமான சிங்கள ஆசிரியர் ஒருவர் அவரைப் பற்றிப் பேசும்போது 'அபே பாதர்' என்றார். எங்கள் பாதர். சொன்னவர் தவறாமல் பன்சலைக்குப் போகிற பௌத்தர்.

இந்தச் சொல் எனக்கு ஏன் உறைத்தது என்று சொல்ல வேண்டும். அட்டாளைச்சேனைக் கலாசாலையில் பயிற்சி முடித்த நான் கற்பிப்பது பதுளைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில். பிள்ளைகள் எல்லோரும் லயத்துப் பிள்ளைகள், இந்துக்கள். 2019 ஏப்ரலுக்குப் பிறகு பாடசாலை திறந்த நாளில், தொப்பியைக் கழற்றிப் பையில் வைப்பதா வேண்டாமா என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே போனேன். வகுப்பு வாசலில் கொழுந்துக்குப் போகிற ஒரு தாய் மகனோடு நின்றிருந்தார். "சேர், இவன் ஒழுங்கா எழுதுறானில்ல, கொஞ்சம் பாத்துக்குங்க" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. 'எங்கள் சேர்' என்று அவர் சொல்வாரா? தெரியாது. அப்படிச் சொல்ல வைப்பதற்கு நல்லாசிரியனாக இருப்பது மட்டும் போதுமா என்பதே என் கேள்வி.

அலுகலவிட்டவில் அது போதவில்லை. 1980களில் பெல்வத்த சீனிக் கம்பனிக்காகக் கரும்பு வந்தபோது, சேனை செய்து பிழைத்தவர்கள் நிலமிழந்தார்கள். அடிகளார் அவர்கள் பக்கம் நின்றார், எழுதினார், பேசினார். மூலிகை அரைத்துக் கொடுக்கும் பாதிரியாரால் யாருக்கும் தொந்தரவில்லை. நிலம் யாருடையது என்று கேட்கிறவரால் தொந்தரவு உண்டு. நாட்டின் நிலைமையும் அப்போது கெட்டிருந்தது. 1987இல் தெற்கில் கிளர்ச்சி மூண்டது. கிராமத்து இளைஞன் என்றாலே ஒரு பக்கம் ஆயுதக்காரர், மறுபக்கம் படையினர். அடிகளாருக்கும் எச்சரிக்கைகள் வந்தன.

விட்டுப் போவதா, இருப்பதா என்று அவரும் அந்தச் சகோதரிகளும் பேசியிருக்கிறார்கள். போயிருந்தால் குறை சொல்ல ஆளில்லை. சபையே வேறிடம் கொடுத்திருக்கும். ஊர்ச்சனத்துக்குப் போக வேறிடம் கிடையாது. இருந்தார்கள்.

1987 நவம்பர் 10ஆம் திகதி மாலை, அந்தச் சிறிய வீட்டுக்குள் திருப்பலி முடிகிற நேரத்தில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது அறுபது. சகோதரிகள் அருகில் இருந்தார்கள். அந்தக் கொலைக்காக இன்றுவரை ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.