பாய்மரப் படகுக்கு எந்த லேப்டாப்?

பாய்மரப் படகுல மாசக்கணக்கா போறதுக்கு எந்த லேப்டாப் வாங்கலாம்னு ஒரு நண்பர் கேட்டார். என் பதில்: முதல்ல எத்தனை வாட்ஸ் இழுக்குதுன்னு பாருங்க.

படகுல லேப்டாப், ரேடியோ, இரவு விளக்கு எல்லாத்துக்கும் 12 வோல்ட் பேட்டரிதான். 60 வாட்ஸ் இழுக்கிற லேப்டாப் 10 மணி நேரம் ஓடினா 50 ஆம்பியர்-அவர் காலி. 15 வாட்ஸ்னா 12.5 தான்.

ஃபேன் உப்புக்காத்தை உள்ளே இழுக்கும், போர்டு அரிச்சுப்போகும். ஃபேன் இல்லாத, எஸ்எஸ்டி உள்ள, டைப்-சி சார்ஜிங் மாடலா வாங்குங்க. இன்வெர்ட்டர் வேண்டாம், அதுல கரண்ட் வீண்.

ஐசியூல கரண்ட் போனா யுபிஎஸ்ல முதல் உரிமை வென்டிலேட்டருக்கு. படகுல அது ரேடியோவுக்கு. ரோம்ல இருக்கிற சி.ஐ.ஆர்.எம். 1935லேர்ந்து கடலோடிகளுக்குக் கரையிலேர்ந்தே மருத்துவ ஆலோசனை தருது. ஆனா நடுக்கடல்ல நெஞ்சுவலி வந்தா, உதவி கேட்கப் பேட்டரியில சார்ஜ் மிச்சம் இருக்கணுமே!