கற்பனைக் கலம் யாருடையது?

நுழையும்முன்

ஒருவர் ஒரு கற்பனையைப் படைக்கிறார். பல்லாயிரவர் அதனை நெஞ்சில் ஏந்திக்கொள்கின்றனர். அவர்களுள் சிலர் தம் கைகளாலேயே அக்கற்பனைக்கு உருக்கொடுக்கவும் முற்படுகின்றனர். அவ்வாறு செய்யப்பட்ட உரு யாருக்குச் சொந்தம்? அறிவியல் புனைகதைத் திரைப்படங்களிலும் தொடர்களிலும் வரும் விண்கலங்களின் மாதிரிகளை முன்வைத்து இவ்வினாவை ஆராய்கிறது இப்பாடம்.

பறக்காத கலம்

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் தேசிய வானூர்தி, விண்வெளி அருங்காட்சியகம் உள்ளது. ரைட் உடன்பிறப்பினர் 1903இல் செலுத்திய வானூர்தியும், நிலவுக்குச் சென்று திரும்பிய அப்போலோ 11 விண்கலத்தின் கட்டளைப் பகுதியும் அதன் கருவூலங்கள். அவற்றோடு, ஒருநாளும் பறந்திராத கலம் ஒன்றும் அங்கே இடம்பெற்றிருக்கிறது. ஏறத்தாழ 11 அடி நீளமுடைய அக்கலம் மரத்தாலும் நெகிழியாலும் ஆனது. 'ஸ்டார் டிரெக்' என்னும் தொலைக்காட்சித் தொடருக்காகச் செய்யப்பட்ட 'எண்டர்பிரைஸ்' விண்கலத்தின் மாதிரி அது.

அத்தொடரின் முதற்பகுதி 1966 செப்டம்பர் 8 அன்று அமெரிக்காவில் ஒளிபரப்பாயிற்று. தொடரைப் படைத்தவர் ஜீன் ராடன்பெரி. கலத்தின் வடிவத்தை வரைந்தவர் கலை இயக்குநர் மேட் ஜெஃப்ரீஸ். ஏவூர்தியைப் போலத் தீப்பிழம்பைக் கக்குவதாகவோ, வானூர்தியைப் போல இறக்கை விரிப்பதாகவோ அக்கலம் இருத்தல் கூடாது என்பது அவருக்கு இடப்பட்ட கட்டளை. எனவே வட்டத்தட்டு ஒன்று, அதன்பின் நீண்ட உருளை ஒன்று, மேலே இரு எந்திரக் குழல்கள் எனப் புதியதோர் உருவத்தை அவர் அமைத்தார். வானூர்திகளை நன்கறிந்த அவர், அமெரிக்கக் குடிமை வானூர்திகளின் பதிவெழுத்துகளை நினைவூட்டும் வகையில் 'என்.சி.சி. 1701' என்று கலத்துக்குப் பதிவெண்ணும் சூட்டினார்.

அம்மாதிரியின் வலப்பக்கம் மட்டுமே படம் பிடிக்கப்பட்டது. உள்விளக்குகளுக்கான மின்கம்பிகள் இடப்பக்கம் வழியாகச் சென்றமையால், அப்பக்கம் முழுமையாக அணிசெய்யப்படாமலே விடப்பட்டது. காட்டப்படாத பாதியைக் காண்போர் தம் மனத்தால் நிறைவு செய்துகொண்டனர். இரசிகர் கைவினையின் தொடக்கமும் இதுவே. திரை எதனைச் சொல்லாமல் விட்டதோ, அதனைச் செய்துபார்க்கும் வேட்கையே மாதிரிகளை உருவாக்குகிறது.

இரசிகரின் பங்கு

தொடர் ஒளிபரப்பான காலத்திலேயே ஏ.எம்.டி. என்னும் நிறுவனம், நெகிழித் துண்டுகளை ஒட்டி இணைத்துக் கலத்தை உருவாக்கும் மாதிரிப் பெட்டிகளை உரிய உரிமம் பெற்று விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1967இல் வெளிவந்த ஒரு பகுதிக்குச் சிதைந்த விண்கலம் ஒன்று தேவைப்பட்டது. கடையில் விற்ற மாதிரிப் பெட்டியையே கலைஞர்கள் எடுத்தாண்டனர். 1701 என்னும் எண்ணின் இலக்கங்களை இடம்மாற்றி 1017 என ஒட்டியதும் வேறொரு கலம் பிறந்துவிட்டது. சிறுவர் வீட்டு மேசைமேல் இருந்த பொருளும் திரையில் தோன்றிய பொருளும் ஒன்றாயின.

கலிபோர்னியாவில் வானூர்தி நிறுவனத்தில் வடிவமைப்பாளராகப் பணியாற்றியவர் ஃபிரான்ஸ் ஜோசஃப். எண்டர்பிரைஸ் கலத்தின் உள்ளமைப்பை அவர் ஆர்வத்தால் தளந்தளமாக வரைந்தார். தொடரைத் தயாரித்தோர் திரைக்குத் தேவையான அறைகளை மட்டுமே அமைத்திருந்தனர். எஞ்சிய கலத்தை இவர் வரைபடத்தில் கட்டிமுடித்தார். முறையான இசைவுடன் அவ்வரைபடங்களும் தொழில்நுட்பக் கையேடும் 1975இல் நூல்வடிவம் பெற்றன. மறு ஆண்டில், அமெரிக்காவின் முதல் விண்ணோடத்துக்கு எண்டர்பிரைஸ் என்னும் பெயரைச் சூட்டுமாறு இரசிகர்கள் மடல்மேல் மடல் எழுதினர். கற்பனைக் கலத்தின் பெயர் உண்மை ஊர்திக்கு உரியதாயிற்று.

மூலமாதிரி பழுதுற்றபோதும் இரசிகரின் அன்பே துணைநின்றது. அருங்காட்சியகம் அதனைப் பழைய நிலைக்குக் கொணரும் பணியில் ஈடுபட்டபோது, 1976ஆம் ஆண்டுக்கு முன் எடுத்த நிழற்படங்கள் இருப்பின் தந்துதவுமாறு பொதுமக்களை வேண்டியது. தயாரிப்பாளரின் பெட்டகங்களில் இல்லாத சான்றுகள் இரசிகரின் பேழைகளில் இருக்கக்கூடும் என்பதை அவ்வேண்டுகோள் ஒப்புக்கொண்டது. செப்பனிடப்பட்ட மாதிரி, தொடரின் பொன்விழா ஆண்டான 2016இல் மீண்டும் காட்சிக்கு வந்தது.

ஒட்டுறுப்புக் கலை

மாதிரிக் கலைஞருக்கும் திரைக் கலைஞருக்கும் இடையே கொடுக்கல் வாங்கல் எப்போதும் இருந்துள்ளது. 1977இல் வெளியான 'ஸ்டார் வார்ஸ்' திரைப்படத்தின் விண்கலங்களைக் கூர்ந்து நோக்கினால், அவற்றின் மேற்பரப்பெங்கும் குழாய்களும் பெட்டிகளும் சக்கரங்களும் நெருங்கியிருப்பதைக் காணலாம். அவற்றுட் பல, கடைகளில் விற்ற பீரங்கி வண்டிகள், போர்க்கப்பல்கள் முதலியவற்றின் மாதிரிப் பெட்டிகளிலிருந்து எடுத்து ஒட்டப்பட்ட உறுப்புகள். பிறர் செய்த சிற்றுறுப்புகளிலிருந்து புதியதொரு முழுமையைப் படைத்தது அக்கலை. அதே கலத்தை இன்றைய இரசிகர் உருவாக்க முனையும்போது, அந்தப் பழைய பெட்டிகளைத் தேடிப்பிடித்து, எந்த உறுப்பு எங்கே ஒட்டப்பட்டது என்று ஆராய்கிறார். மணல்தாள் தேய்த்து, வண்ணம் பூசி, மின்விளக்குப் பொருத்தி மாதங்கள் பலவற்றை அதற்கே செலவிடுகிறார்.

பணி முடிந்ததும் ஐயங்கள் தலைதூக்குகின்றன. இதனைப் பிறருக்குக் காட்டலாமா? விற்கலாமா? அளவுகளையும் வரைபடத்தையும் நண்பருக்குத் தரலாமா? மகிழ்ச்சியாகத் தொடங்கிய கைவினையின்மீது சட்டத்தின் நிழல் படிவது இங்கேதான்.

சட்டம் காக்கும் எல்லை

இங்கிலாந்தில் 1710இல் நடைமுறைக்கு வந்த சட்டம், நூலாசிரியருக்குத் தம் நூலின்மீது குறிப்பிட்ட காலத்துக்கு உரிமை வழங்கியது. அதன் வழிவந்த பதிப்புரிமை இன்று ஓவியம், இசை, திரைப்படம், கணினி நிரல் எனப் பலவற்றையும் தழுவி நிற்கிறது. அது கருத்தைக் காப்பதில்லை. கருத்து வெளிப்பட்ட வடிவத்தையே காக்கிறது. விண்மீன்களுக்கிடையே விரையும் கலம் என்னும் கருத்து எவருக்கும் தனியுடைமையன்று. வட்டத்தட்டும் உருளையும் இரு குழல்களும் குறித்த முறையில் இணைந்த உருவமோ உடைமையாகலாம்.

இதுபற்றி மாதிரிக் கலைஞரிடையே தவறான நம்பிக்கைகள் சில வழங்குகின்றன. 'பணம் பெறவில்லை, ஆகவே தவறில்லை' என்பது ஒன்று. ஊதியம் பெறாமை ஒருவருக்குச் சாதகமான சூழலாகலாம். அதுவே முழுவிலக்கு ஆகாது. 'திரையைப் பார்த்து நானே அளந்து வரைந்தேன்' என்பது மற்றொன்று. உழைப்புப் புதிதாயினும் வடிவம் பிறருடையது. 'உரிமை அந்நிறுவனத்துக்கே' என்று ஒருவரி எழுதிவிட்டால் போதும் என்பது மூன்றாவது. நன்றி கூறுதல் வேறு. இசைவு பெறுதல் வேறு.

உரிமையாளர் பக்கத்திலும் ஒரு மயக்கம் உண்டு. சிறு மீறலையும் தடுக்காவிட்டால் உரிமையே பறிபோய்விடும் என்று சிலர் கூறுவர். பெயர், சின்னம் ஆகியவற்றைக் காக்கும் வணிகக்குறி உரிமை, உரிய காலத்தில் காக்கப்படாவிடின் வலுவிழக்கக்கூடும். பதிப்புரிமையோ தடுக்காமல் விட்டமையால் மட்டும் அழிந்துவிடுவதில்லை. ஆதலால் அன்பால் செய்யும் இரசிகரைப் பொறுத்துக்கொள்வதால் நிறுவனம் தன் பதிப்புரிமையை இழந்துவிடாது. அப்பொறுமையை இரசிகர் தம் உரிமை என்று கொள்ளவும் இயலாது.

தெரிந்து தெளிவோம்

இந்தியாவில் பதிப்புரிமைச் சட்டம் 1957இல் இயற்றப்பட்டது. இலக்கியம், ஓவியம் முதலியவற்றுக்குப் படைப்பாளரின் வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டுகளும் இவ்வுரிமை நீடிக்கும். தனிப்பட்ட பயன்பாடு, ஆய்வு, திறனாய்வு ஆகியவற்றின்பொருட்டு நியாயமான முறையில் கையாளுதலைச் சட்டம் ஏற்கிறது.

இரு வழக்குகள்

'ஸ்டார் டிரெக்' உலகைக் களமாகக் கொண்டு 'ஆக்சனார்' என்னும் முழுநீளப் படம் எடுக்க இரசிகர் சிலர் முயன்றனர். பொதுமக்களிடமிருந்து 10 இலட்சம் டாலருக்கு மேல் நிதி திரண்டது. உரிமை பெற்ற பாரமவுண்ட், சி.பி.எஸ். நிறுவனங்கள் 2015 டிசம்பரில் வழக்குத் தொடுத்தன. விண்கலங்கள், சீருடைகள், வேற்றுக்கோள் மாந்தர் ஆகியவற்றை இசைவின்றி எடுத்தாண்டதாக அவை முறையிட்டன. நியாயமான பயன்பாடு என்னும் எதிர்வாதத்தை நீதிமன்றம் 2017 சனவரியில் ஏற்க மறுத்தது. அம்மாதமே இருதரப்பும் உடன்பாடு கண்டன. இடையில், 2016இல் நிறுவனங்கள் இரசிகர் படங்களுக்கென நெறிமுறைகளை வெளியிட்டன. ஒரு கதை 15 நிமிடம், இரு பகுதியாயின் 30 நிமிடம். திரட்டும் நிதி 50,000 டாலருக்கு மிகாமை. பங்கேற்போர் ஊதியம் பெறாமை என்பன அவற்றுட் சில. அவற்றைக் கடுமையானவை என்று வருந்தியோர் உண்டு. ஆயினும், எல்லை எங்கே என்று அறியாத அச்சத்துக்கு அவை ஓரளவு முடிவுகட்டின.

இங்கிலாந்து வழக்கு இன்னும் நுட்பமானது. 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் வரும் வெண்கவச வீரர்களின் தலைக்கவசங்களைப் படத்துக்காகச் செய்துகொடுத்தவர் ஆண்ட்ரூ ஐன்ஸ்வொர்த். பல ஆண்டுகளுக்குப்பின், 2004 முதல் அவர் அத்தகைய கவசங்களைச் செய்து விற்கலானார். லூகாஸ்ஃபிலிம் நிறுவனம் அமெரிக்காவில் தொடுத்த வழக்கில் 2006இல் அவருக்கு எதிராக 2 கோடி டாலர் இழப்பீடு விதிக்கப்பட்டது. இங்கிலாந்தில் வழக்கு உச்சநீதிமன்றம்வரை சென்றது. அக்கவசம் சிற்பமா, அன்றிப் படப்பிடிப்புக்கான பயன்பொருளா என்பதே அங்கு எழுந்த வினா. அது சிற்பமன்று என்று 2011 சூலை 27 அன்று தீர்ப்பாயிற்று. சிற்பத்துக்குரிய நீண்ட காப்பு அதற்கில்லை. வடிவமைப்புக்குரிய குறுகிய காப்புக்காலமோ முன்பே முடிந்திருந்தது. எனினும், அமெரிக்கப் பதிப்புரிமையை மீறியது குறித்து ஆங்கிலேய நீதிமன்றத்தில் வழக்காடலாம் என்றும் அத்தீர்ப்பு கூறியது. ஒரே கவசம் ஒரு நாட்டில் தடையின்றி விற்கத்தக்கதாகவும், மற்றொரு நாட்டில் உரிமை மீறலாகவும் நின்றது.

அச்சுப்பொறி காலம்

முன்னர் ஒரு மாதிரியைப் படியெடுக்க ஓர் ஆண்டின் உழைப்பும் தேர்ந்த கைகளும் வேண்டியிருந்தன. அவ்வருமையே ஒரு வேலியாய் நின்று காத்தது. இன்று முப்பரிமாண அச்சுப்பொறி, கணினிக் கோப்பைப் படித்து நெகிழியை அடுக்கடுக்காகப் படியச்செய்து உருவத்தை ஆக்கித் தருகிறது. கோப்பு ஒன்றே, அதிலிருந்து பிறக்கும் கலங்களுக்கோ கணக்கில்லை. ஆகவே, 'என் மேசைக்காகச் செய்தேன்' என்னும் பழைய விடை, கோப்பைப் பகிர்ந்தவருக்கு எளிதில் பொருந்துவதில்லை.

இங்கே இருபுறமும் இழப்புகள் உண்டு. உரிமம் பெற்று மாதிரி செய்யும் சிறு தொழிலகம், இசைவின்றி விற்போரால் நலிகிறது. மறுபுறம், வழக்கு வருமோ என்று அஞ்சும் கலைஞர் தம் கைத்திறனை மறைத்துவைக்கிறார். இளையோர் அவரிடம் கற்கும் வாய்ப்பு மறைகிறது. மேலும், நிறுவனத்தின் உரிமையும் படைப்பாளரின் உரிமையும் எப்போதும் ஒன்றல்ல. பணியின் பொருட்டு ஒருவர் வரைந்த வடிவம் பெரும்பாலும் பணியமர்த்தியவருக்கே உடைமையாகிறது. கலத்தை வரைந்த கை ஒன்று. உரிமைப் பத்திரத்தை வைத்திருக்கும் கை வேறொன்று. அதனை மங்காமல் காத்த இரசிகரின் கை மூன்றாவது. சட்டம் பேசுவது இரண்டாவது கையைப் பற்றி மட்டுமே.

இம்மூன்றும் ஒன்றையொன்று மதிப்பதே நேரிய வழி. தம் மகிழ்ச்சிக்காகச் செய்தல், விலைக்கு விற்றல் ஆகிய இரண்டின் வேறுபாட்டை இரசிகர் உணர்தல் வேண்டும். விற்க விழைந்தால் இசைவு கேட்டல் வேண்டும். எது தகும், எது தகாது என்பதை நிறுவனங்கள் முன்கூட்டியே தெளிவாக அறிவித்தல் வேண்டும். மிரட்டல் மடலே முதல் அறிவிப்பாக இருத்தல் அறமன்று. பிறர் கலத்தைச் செய்து கைதேர்ந்தவர், அத்திறனைக்கொண்டு எங்கும் கண்டிராத புதுக்கலம் ஒன்றையும் வடிக்கலாம். அதன்மீது அவருக்குள்ள உரிமையை எவரும் வினவ இயலாது.

அமெரிக்காவின் இன்றைய சட்டப்படி, 1977இல் வெளியான திரைப்படத்தின் பதிப்புரிமை 95 ஆண்டுகள் கழிந்து 2072ஆம் ஆண்டின் இறுதியில் முடியும். அதன்பின் அப்படத்தின் கலங்களை யாரும் யாரையும் கேளாமல் வடிக்கலாம். இன்று பதினாறு வயதினராய் இப்பாடத்தைப் படிப்போர் அப்போது முதுமையை எட்டியிருப்பர். அவர்தம் பேரப்பிள்ளைகள் தடையின்றிச் செய்யப்போகும் கலங்களுக்கு வேண்டிய வரைபடங்களும் அளவுகளும் கைத்திறனும் அதுவரை அழியாமல் இருக்குமாயின், அவற்றைக் காத்தவருள் இரசிகருக்கும் இடமுண்டு.

கற்பவை கற்றபின்...

1. ஒரு திரைப்படத்தில் வரும் ஊர்தியின் மாதிரியைச் செய்து பள்ளிக் கண்காட்சியில் வைத்தல், அதனையே விலைக்கு விற்றல் ஆகிய இரண்டையும் ஒப்பிட்டு வகுப்பறையில் கலந்துரையாடுக.

2. படைப்பாளர், உரிமையாளர், இரசிகர் ஆகிய மூவர் பக்கமும் நின்று சொற்போர் நிகழ்த்துக.